லீடராக்கினேன், அதிலிருந்து திங்கட்கிழமை எம்.சி. எடுக்கிறான்

வாசகியின் கேள்வி:

அக்கா, நான் பினாங்கு, பிறையில் ஒரு மருத்துவப் பொருள் கிடங்கில் சூப்பர்வைசர். கையுறை, டியூப், டயாலிசிஸ் சாமான்கள் இங்கிருந்துதான் கிளினிக்குகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் போகின்றன. நானே இங்கே பேக்கிங்கில் சேர்ந்து எட்டு வருஷத்தில் மேலே வந்தவள், இப்போது என் கீழ் 12 பேர். ஊழியர் ஈடுபாடு பற்றிக் கம்பெனி ஒரு சர்வே எடுத்தது, என் பிரிவுக்குத்தான் கடைசி இடம். எச்.ஆர். சொன்னபடி மாதாந்திர சிறந்த ஊழியர் படம் மாட்டினேன், பீட்சா வாங்கிக் கொடுத்தேன், ஒரு தடவை பௌலிங் கூட்டிப் போனேன். லோரி ஓட்டும் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) மட்டும்தான் ‘அடுத்த பௌலிங் எப்போ’ என்று இன்னமும் கேட்கிறார். ஒரு பையன் இருக்கிறான், 26 வயது, எந்தச் சாமான் எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவனை 150 வெள்ளி அலவன்ஸோடு லீடராக்கினேன், சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் இப்போது மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்கிறான். இன்னொரு ஆன்ட்டி, 52 வயது, வாயே திறக்க மாட்டார், ஓய்வு பெறக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறார். மூன்று நேப்பாளத் தம்பிகள் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு குறைகிறது என்று மாதா மாதம் முணுமுணுப்பார்கள், அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடுவோம், அது பரவாயில்லை. இவர்களுக்கெல்லாம் எப்படித்தான் ஊக்கம் கொடுப்பது?

பதில்:

தங்கச்சி, பையனைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஓ.டி. விஷயம். பரவாயில்லை என்று அவர்கள்தான் சொல்லணும், அவர்களோ முணுமுணுக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,700 வெள்ளி சம்பளக்காரர் என்றால் 26 நாளால் வகுத்து, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று எடுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு வருகிறது, ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. நாலு மணி நேரம் விட்டுப் போனால் 49 வெள்ளி. உங்களுக்கு அது ஒரு எண், கணக்குப் பிரிவுக்கு ஒரு திருத்தம், மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவனுக்கு அது வேறே விஷயம். பணத்தை விடுங்கள், ஒவ்வொரு மாதமும் தானே எண்ணிப் பார்த்து, தானே போய்க் கேட்டு, கேட்டதற்கு ஒரு முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு இந்தக் கம்பெனி தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது தெரிந்துபோகிறது. அவனிடம் போய் பீட்சாவை நீட்டினால் சாப்பிடுவான், வேறொன்றும் நடக்காது.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர், 1950களில் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துப் பேசினார். வேலையில் மனசு ரொம்ப நல்லா இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், ரொம்பக் கெட்டுப்போன ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், இவ்வளவுதான் கேள்வி. நல்ல கதைகளில் ஒன்றை முடித்துக் காட்டியது, யாரோ அதைக் கவனித்தது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கிடைத்தது என்று வந்தன. கெட்ட கதைகளில் பெரும்பாலும் கம்பெனி விதிகள், மேலதிகாரி, சம்பளக் குளறுபடி, வேலை செய்யும் இடம். ஒன்றுக்கொன்று நேர் எதிராக இல்லை, இரண்டும் வேறு வேறு சாமான்கள். 2024 ஜனவரியில் குழாய் வேலைக்காகப் பினாங்கில் பல இடங்களில் நாலு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கா? அந்த நாலு நாளும் ஊரில் அதே பேச்சு, வாளியும் டிரம்மும் வாங்க அலைந்தோம். இன்றைக்குக் காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது, யாராவது கை தட்டினோமா? ஓ.டி. கணக்கு அந்தக் குழாய்த் தண்ணீர். ஒழுங்காக வந்தால் யாரும் உற்சாகத்தில் குதிக்க மாட்டார்கள், வராவிட்டால் மற்ற எதுவும் காதில் ஏறாது. (நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் கம்பெனிதான் காரணம் என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று ஹெர்ஸ்பெர்க்கை மடக்கியவர்கள் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி தங்கம், அதற்குத் திரும்பி வருகிறேன்.)

சரி, இப்போது பையன்.

நீங்கள் பேக்கிங்கிலிருந்து மேலே வந்தவர். உங்களுக்கு லீடர் பதவி கிடைத்த அன்று வீட்டில் கேசரி கிண்டியிருப்பார்கள். அதனால் உங்களுக்கு இனித்ததை அவனுக்கும் கொடுத்தீர்கள், நல்ல மனசோடுதான். ஆனால் அவன் எதில் கெட்டிக்காரன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கண்ணை மூடிக்கொண்டு ரேக் சொல்வான் என்று. லீடரானபின் அவன் நாள் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்களேன். காலையில் வராதவனுக்குப் போன் போடணும், அந்த வராதவன் நேற்றுவரை அவனோடு மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டவன். ரோஸ்டர் எழுதணும், உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பணும், ஏதாவது தப்பு நடந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கணும். கை வேகமாக ஓடுகிற அந்தச் சுகமும் போச்சு, கூட்டாளிகளும் போனார்கள், பதிலுக்கு 150 வெள்ளி. திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க மனசு வருமா?

ஆனால் இது என் ஊகம்தான், தங்கச்சி. நான் அவனைப் பார்த்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறானோ, வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறானோ, யாருக்குத் தெரியும். நீங்கள் ஊகித்து ஒரு பதவியைக் கொடுத்தீர்கள், என் ஊகத்தை நம்பி அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

ஊகத்தால் நான் கெட்ட கதையும் ஒன்று இருக்கிறது. 90களில் பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் போர்டு பார்க்கிற அக்கா ஒருவர் இருந்தார், மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணுக்குத் தப்பாது. சிறந்த ஊழியர் விருதுக்கு அவர் பெயரைக் கொடுத்து, ஆண்டு விருந்தில் மேடையேற்றி, மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. எனக்கோ கோபம், இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்று.

அப்புறம் ஒரு நாள் அவர் மேசையில் பழைய நாட்காட்டித் தாள்களை நறுக்கி ஸ்டேப்ளர் போட்ட ஒரு கட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஒரு போர்டின் படம், ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட். யாரும் கேட்காமல் மாதக்கணக்காக எழுதி வைத்திருந்தார். அதை எஞ்சினியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அந்த அக்காவைத் தன் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, ‘இந்தக் குறை ஏன் புதன்கிழமைகளில் அதிகம் வருகிறது’ என்று கேட்டார். மேடையில் வாய் திறக்காத மனுஷி அரை மணி நேரம் பேசினாராம். அதன்பிறகு ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தம்பியின் மோட்டாரில் ஏறி இருபது நிமிஷம் முன்னாடியே வந்துவிடுவார். அவருக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. தன் கண் பார்த்ததை, அந்த விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்கணும். எனக்கு அது தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், நான் அவரிடம் கேட்டதே இல்லை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? சர்வே பாரம் வேண்டாம், அதில் எல்லாரும் நடுவில் இருக்கிற கட்டத்தைத்தான் கிறுக்குவார்கள். உங்கள் அறைக்கும் கூப்பிட வேண்டாம், கதவை மூடினாலே ஆளைத் தூக்கப் போகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். ஸ்டாக் எண்ணும்போது பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணுங்கள், இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பசியாறும்போது ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் போதும், 12 பேரை ஒரே வாரத்தில் முடித்துவிட நினைத்தால் அதுவும் இன்னொரு சர்வேதான்.

‘உனக்கு எது ஊக்கம் தரும்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் ‘சம்பளம் ஏத்துங்க’ என்றுதான் வரும், வரணும், அது உண்மையும்கூட. அதோடு பேச்சு முடிந்துபோகும். நாளைப் பற்றிக் கேளுங்கள், ஹெர்ஸ்பெர்க் கேட்ட மாதிரி. ‘போன மாசத்துல வீட்டுக்குப் போறப்ப மனசு லேசா இருந்த நாள் எது? அன்னிக்கு என்ன நடந்துச்சு?’ ‘நாளைக்கு வரவே வேணாம்னு தோணின நாள் எது?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம், நம்மைப் போல வேலை செய்து மேலே வந்தவர்களுக்கு ரொம்பவே கஷ்டம், உடனே தீர்வு சொல்ல நாக்கு துடிக்கும். முதலில் ‘அப்படி ஒண்ணும் இல்லக்கா’ என்பார்கள். பத்து வினாடி சும்மா இருங்கள். நம் ஆட்களுக்கு செகான், அதாவது கூச்சம், ஜாஸ்தி, அந்தப் பத்து வினாடி கழித்துத்தான் விஷயம் வரும்.

இன்னொன்று, கேட்பதற்கு முன்னாலேயே எது உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ‘சம்பளம் ஏத்துறது என் கையில இல்ல, மேல சொல்லிப் பார்ப்பேன், அவ்வளவுதான். யார் எந்த வேலை, யார் யாரோட ஜோடி, எந்த ஷிஃப்ட், இது என் கையில இருக்கு.’ இப்படி எல்லை போட்டுவிட்டால் அவர்களும் அதற்குள் யோசிப்பார்கள். அப்படிக் கேட்டதில் சின்னதாக ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம், ஏனென்றால் அடுத்த தடவை பத்து வினாடி இல்லை, பத்து நிமிஷம் சும்மா இருந்தாலும் ஒன்றும் வராது.

வேலையில் ஈடுபாடு என்பதைப் பற்றி 1990ல் எழுதிய வில்லியம் கான் என்ற ஆய்வாளர், கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒரு கட்டடக் கலை அலுவலகத்தில் இருந்தவர்களையும் கவனித்துவிட்டுச் சொன்னது இது: ஒருவர் வேலைக்குள் தன்னைக் கொடுப்பதற்கு முன் மனசுக்குள் மூன்று விஷயம் பார்த்துக்கொள்கிறார். இதில் அர்த்தம் இருக்கா, நான் நானாக இருந்தால் எனக்கு ஆபத்து வருமா, கொடுக்க என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கா. உங்கள் நேப்பாளத் தம்பிகளுக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன், பெர்மிட்டும் ஹாஸ்டலும் கம்பெனி கையில் இருக்கும்போது வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அவர்களிடம் எடுத்தவுடனே கேள்வி கேட்காதீர்கள். முதலில் ஓ.டி. கணக்கைச் சரி செய்து, தாமாக வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே பே ஸ்லிப்பை எடுத்துப் போய், இந்த மணி நேரம் இப்படி எண்ணியிருக்கிறது என்று காட்டுங்கள். இரண்டு மாதம் அப்படி நடந்தபிறகு கேளுங்கள்.

பையனிடம் பேசும்போது ஒரு ஜாக்கிரதை. ‘லீடர் வேலை உனக்குச் சரிப்படல போல’ என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை, அவன் முகம் கெட்டுப்போகும், அடுத்து ராஜினாமா கடிதம்தான். தப்பை உங்கள் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், அது உண்மையும்தானே. ‘தம்பி, லீடராக்கினேன், ஆனா உனக்குப் பிடிச்சிருக்கான்னு நான் கேட்கவே இல்ல. இந்த வேலையில எது வெச்சுக்கலாம், எது என்கிட்ட திரும்பக் கொடுத்துடலாம்னு சொல்லு.’ வராதவனுக்குப் போன் போடுகிற வேலையை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அது சூப்பர்வைசர் தலைவலி, எப்போதுமே உங்களுடையதுதான். ரேக் அடுக்குவது, புதுசாக வருகிறவனைப் பழக்குவது, ஸ்டாக் பிழை எங்கே வருகிறது என்று தேடுவது, இதெல்லாம் அவனிடம் இருக்கட்டும், அலவன்ஸோடு. அந்த 150ஐப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றினால் தண்டனை என்றுதான் படும். லீடர் வேலையே பிடித்திருக்கிறது, கூட்டாளிகளைச் சமாளிக்கத்தான் தெரியவில்லை என்றால் அது வேறு கதை, அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். உங்கள் கம்பெனியில் மலேசிய ஊழியர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எச்.ஆர்.டி. கார்ப் என்ற பயிற்சி நிதிக்கு லெவி மாதாமாதம் சம்பளத்தில் 1 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பார்கள், பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து கேட்கலாம். எச்.ஆரைக் கேளுங்கள், பௌலிங்குக்குப் பணம் இருந்தவர்களுக்கு இதற்கும் இருக்கும்.

ஆன்ட்டி விஷயத்தில் உங்கள் மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம். 52 வயது என்கிறீர்கள். 55ல் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைத் தொடலாம் என்றாலும் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60, அது 2013லிருந்தே அப்படித்தான். அவருக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது, நீங்கள் இந்த வேலையில் இருந்த மொத்தக் காலமும் எட்டு வருஷம்தான். பேசாதவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்கக்கூடாது என்பதை எனக்கு அந்த மைக்ராஸ்கோப் அக்கா சொல்லிக் கொடுத்தார். ஒருவேளை அவருக்கு வேண்டியது ரொம்பச் சாதாரணமாக இருக்கலாம், பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து கூட்டி வர அரை மணி நேரம் முன்னால் கிளம்பணும், கேட்கக் கூச்சம். அப்படியென்றால் அதற்கு வழி இருக்கிறது. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலை நேரம், நாள், இடம் இவற்றை மாற்றித் தரச் சொல்லி ஊழியர் எழுத்தில் விண்ணப்பம் போடலாம், கம்பெனி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லணும், மறுத்தால் காரணமும் சொல்லணும். கொடுத்தே ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் காற்றோடு போகிற பேச்சாக அதை விட்டுவிட முடியாது. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லிக் கொடுங்கள், பாரம் எழுத உதவியும் செய்யுங்கள்.

கடிதத்தைப் படித்தபோது என் மனசில் முதலில் நின்றது இது: உங்கள் ஆட்கள் கட்டுகிற பெட்டிகள் டயாலிசிஸ் மையத்துக்குப் போகின்றன. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல அந்த மெஷினோடு கட்டுண்டு உட்காருகிறவர்களுக்கு. நம் சொந்தத்திலேயே யாராவது ஒருவர் இருப்பார், சர்க்கரை நம் வீடுகளில் அவ்வளவு சாதாரணம். உங்கள் 12 பேரில் எத்தனை பேர் அந்த மையத்தின் உள்ளே போயிருக்கிறார்கள்? ஆடம் கிராண்ட் என்பவர் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன் போடுகிற ஊழியர்களைப் பற்றியது. அந்தப் பணத்தில் உதவித்தொகை வாங்கிப் படித்த ஒரு மாணவரை அவர்களோடு ஐந்தே நிமிஷம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது. சம்பளம் அதே, வேலையும் அதே. மையத்திடம் அனுமதி கேட்டு, நோயாளிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு பேராக லோரியில் அனுப்பிப் பாருங்களேன். எல்லாருக்கும் இது தொடும் என்று சொல்ல மாட்டேன், ‘ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது’ என்று ஒருவர் ஒதுங்கினால் விட்டுவிடுங்கள்.

சிறந்த ஊழியர் படத்தை ஒரு மாதம் மாட்டாமல் இருந்து பாருங்கள், யாராவது கேட்கிறார்களா என்று. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

வரிசை என்று கேட்டால், கணக்குப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள், ஆன்ட்டியோடு அடுத்த வாரம், அதற்கடுத்து பையன். பையனிடம் முதலில் போகாதீர்கள், நீங்கள் இன்னும் சூடாக இருக்கிறீர்கள், கடிதத்திலேயே தெரிகிறது.

பௌலிங்கை நிறுத்த வேண்டாம். பாக்சிக்குக்கு அது பிடித்திருக்கிறதே, 12 பேரில் ஒருவர் என்ன வேண்டும் என்று தாமாகவே உங்களிடம் சொல்லியிருக்கிறார், அதை நீங்கள் எனக்குச் சிரிப்புச் செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். லோரியில் நாள் முழுக்கத் தனியாகப் பாலத்தில் போய் வருகிற மனுஷன். அடுத்த தடவை அவர் கேட்கும்போது, அன்றைக்கு அவருக்கு என்ன பிடித்திருந்தது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பந்து உருட்டியதுதானா என்று.